நீலத் தார்ப்பாய்

21 நவம்பர் 2011, திங்கள்

காலையிலிருந்து சாறல். குடையை பஸ்ஸில் விட்டாச்சு. குளச்சலிலிருந்து நாகர்கோவில் வரை நின்றே பயணம். முதுகு விண்விண் என்று. எட்டு வருஷம் சவூதியில் குடோன் வேலை பார்த்ததற்கு மிச்சம் இந்த டிஸ்க் விலகல்தான்.

அனிமேஷன் வகுப்பில் இன்றைக்கும் கம்ப்யூட்டரில் பந்து குதிக்க வைக்கிற பயிற்சி. சின்னப் பிள்ளைகளின் பந்து துள்ளுகிறது. என்னுடையது பலாப்பழம் மாதிரி விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. ஜெனிஷ் சார் என்னைவிட ரொம்ப இளையவர், ஆனாலும் சார்தான். "அண்ணே, மேல போகும்போ மெதுவாக்கணும். கீழ வரும்போ வேகம்." எல்லாம் புரிகிறது. கைக்குத்தான் புரியவில்லை.

வாங்க வேண்டியது: பென் டிரைவ், முதுகுத் தைலம், ஷைனிக்கு கலர் பென்சில், குடை.

சாயங்காலம் ரியாத்திலிருந்து அளியன் போன். என் வீட்டுக்காரி ஸ்டெல்லாவின் அண்ணன். "விசா ரெடியாயிட்டு அளியா. வாச்மேன் வேலையாக்கும், சும்மா இருந்தா போதும். பாஸ்போர்ட் காப்பி அனுப்பும்." திருவிழா கழியட்டும் என்றேன். ஸ்டெல்லா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள். போகட்டும் என்று நினைக்கிறாள் போல. நினைக்காமல் என்ன செய்வாள், கட்டினவன் முப்பத்தெட்டு வயசில் பந்து விட்டு விளையாடுகிறான்.

போன வருஷம் நான் ஊரில் வந்து இறங்கினபோது மகள் ஷைனி கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அம்மாவிடம் கேட்டது: "அந்த மாமா எப்ப போவும்?" இப்போது என் வயிற்றில் காலைப் போட்டால்தான் தூங்குகிறது. அதை விட்டுவிட்டு எப்படிப் போக?

26 நவ., சனி

வெயில். நல்ல நாள்.

கருங்கலில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிற வின்சென்ட் அண்ணன்தான் எங்கள் கோயில் திருவிழாவை எடுக்கிறார். ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒம்பதாம் திருநாளைக்கு மைதானத்துல ஸ்கிரீன் கெட்டுதோம். தொடக்கத்துல மாதா கடல் மேல வாற மாதிரி ஒரு டைட்டில் செய்யும். நல்லாருந்தா கடைக்கு வேலைக்கு வாரும். இல்லேண்ணா வெசனப்படப்பிடாது."

அவர் அப்படிச் சொன்னதும் உடம்பு லேசாகிப் போச்சு. வேலை கிடைத்தால் போக வேண்டாம்.

மாதா சுரூபம் பெயின்ட் அடித்து முடிந்து கோயில் பின்அறையில் இருந்தது. பங்குச் சாமியாரிடம் கேட்டுக்கொண்டு, தம்பியின் வள்ளத்துத் தார்ப்பாயைப் பின்னால் கட்டினேன். பச்சைத் துணி இல்லாவிட்டால் நீலமும் போதும் என்று சார் சொல்லியிருக்கிறார், எங்கள் ஊரில் நீலத் தார்ப்பாய்க்கா பஞ்சம். வின்சென்ட் அண்ணனின் கேமராவோடு மெல்லச் சுற்றி நடந்து எடுத்தேன். கம்ப்யூட்டரிடம் நீலத்தை எடு என்றால் எடுத்துவிடும், மாதா மட்டும் நிற்பாள். பின்னால் நம் கடலைப் போடலாம். துறைமுகச் சுவரில் நின்று அதையும் எடுத்தாச்சு. வள்ளம் வரிசையாகப் போகிறது, அழகு.

தார்ப்பாய் முழுக்க மீன் நாற்றம். மாதாவுக்குப் பழக்கம்தான்.

28 நவ., திங்கள்

நாசம்.

நீலத்தை எடு என்றேன். எடுத்தது. மாதாவின் மேலங்கியையும் சேர்த்து எடுத்தது. முகம் இருக்கிறது, கூப்பின கை இருக்கிறது, வெள்ளை உடுப்பு இருக்கிறது. தோளிலிருந்து பாதம் வரை அங்கி இருக்கவேண்டிய இடத்தில் குளச்சல் கடல். பக்கத்துக் கம்ப்யூட்டர் பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டது. மற்றவர்கள் ஒரே சிரிப்பு.

யாரைப் படம் எடுக்கிறோமோ அவர் உடம்பில் அந்த நிறம் இருக்கக்கூடாது என்று சார் சொன்னதுதான். நான் சட்டையைப் பற்றி என்று நினைத்தேன். பிறந்தது முதல் பார்த்த மாதா, நீலம் என்று தனியாகப் பார்த்ததே இல்லை.

மறுபடி எடுக்கவும் வழியில்லை. சுரூபத்துக்கு சரிகைப் போர்வை சாத்தி கண்ணாடிக்கூட்டில் வைத்துப் பூட்டியாச்சு. இனித் தேரில் ஏற்றத்தான் திறப்பார்கள்.

ஜெனிஷ் சார் சிரிக்கவில்லை. அதற்காகவே ஒரு நாள் அவருக்கு இறால் கொண்டு கொடுக்கணும். "ஒரு வழி இருக்கு. ஒவ்வொரு படத்துலயும் அங்கியச் சுத்தி கையால கோடு போட்டு, இதை எடுக்காதேண்ணு சொல்லணும். கேமரா நடந்திருக்கு பாருங்க, அதனால படத்துக்குப் படம் கோடு மாறும்." ஒரு நொடிக்கே இருபத்தைந்து படம், மொத்தம் எத்தனை என்று எண்ணிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

2 டிசம்பர், வெள்ளி

கொடியேற்றம். மழை நின்று கொடுத்தது.

மத்தியானம் வகுப்பு முடிந்ததும் சார் எனக்குக் கம்ப்யூட்டரை விட்டுத் தருகிறார். கோடு. அடுத்த படம். கோடு. அங்கியின் மடிப்பு ஒவ்வொன்றும் இப்போது எனக்கு மனப்பாடம். கரண்ட் போய் ஒரு மத்தியான வேலை முழுக்கப் போச்சு. சேவ் பண்ணவில்லை. என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

பஸ்ஸில் பின்சீட்டுப் பேச்சு: "அவன் சவூதிய விட்டுட்டு கார்ட்டூன் படிக்கானாம் மக்கா." என்னைப் பற்றித்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

7 டிச., புதன்

கண் எரிச்சல். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

ஸ்டெல்லா தினமும் கோயிலுக்கு. கேட்டால், "தேருக்குப் பொறத்தால கும்பிடு நேர்ச்சை உண்டு" என்கிறாள். என்ன வேண்டுதல் என்று சொல்லமாட்டாள். விசாவுக்காகத்தான் இருக்கும். என் சவூதிப் பெட்டியை இறக்கித் தூசி தட்டி வேறு வைத்திருக்கிறாள். கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

10 டிச., சனி. ஒன்பதாம் திருநாள்

போட்டாச்சு.

மைதானம் நிறையக் கூட்டம். அங்கி முழுசாக, நீலமாக, கடல் மேல் மாதா வந்தாள். கிழவிகள் கை கூப்பினார்கள்.

ஷைனி என் தோளில் இருந்து: "அப்பா, மாதாவுக்க அங்கிக்குள்ள ஒரு வள்ளம் போச்சு."

எங்கேயோ ஒரு படத்தில் கோட்டை விட்டிருக்கிறேன். கண் இமைக்கிற நேரம்தான். வேறு யாரும் கண்டதாகத் தெரியவில்லை.

முடிந்ததும் வின்சென்ட் அண்ணன் வந்தார். "ஒரு வள்ளம் உள்ள கூடிப் போச்சு, பாத்தேன்." ஷைனியைத் தோளிலிருந்து இறக்கினேன். "மத்தது பூரா கையால வரைஞ்சதுண்ணு உங்க சாரு சொன்னபொறவுதான் எனக்கே தெரியும். திங்கக்கிழமை கடைக்கு வாரும்."

சந்தோஷத்தை வீட்டில் சொல்லவில்லை. சம்பளம் சவூதியில் கிடைப்பதில் கால்வாசி வராது. அவள் நேர்ச்சை வேறு பாக்கி கிடக்கிறது.

11 டிச., ஞாயிறு

நல்ல வெயில். தேர். ஸ்டெல்லா தேருக்குப் பின்னால் முட்டி போட்டு, குப்புற விழுந்து கும்பிட்டு, எழுந்து, நாலடி நடந்து, மறுபடி விழுந்து, வீதி முழுக்க. நான் தண்ணீர்க் குப்பியோடு பக்கத்தில் நடந்தேன். முட்டி தோல் உரிந்து ரத்தம்.

வீட்டுக்கு வந்ததும் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "ஏட்டி, விசா வாறதுக்கு இப்படியொரு நேர்ச்சையா?"

"வரப்பிடாதுண்ணாக்கும்."

"பொறவு எதுக்குப் பெட்டிய இறக்குன?"

"நிங்க போவணும்ணு சொன்னா நான் என்ன செய்ய? நிங்க வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லலையே."

கருங்கல் வேலையைச் சொன்னேன். அழுதாள். நானும்தான்.

எனக்கு வாங்கின தைலத்தில் பாதி அவள் முட்டியைச் சுற்றித் தேய்த்தே தீர்ந்தது. அளியனுக்கு நாளைக்குப் போன் பண்ணணும். நாளைக்கு வேண்டாம், இப்பவே பண்ணுகிறேன்.