சொல்லாமல் விட்ட மாத்திரைகள்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஜன்னல் கம்பியில் யாருடையதோ துண்டு, காய்கிற உத்தேசமே இல்லை. வார்டில் நான்காம் நாள். இப்போது ஜுரம் இல்லை. சாயங்காலம் வரும், ஐந்து வாரமாக அதுதான் வழக்கம்.

எக்கோ ஸ்கேனில் தெரிந்துவிட்டது. இதய வால்வில் பயறு அளவு கட்டி, கிருமிக் கூட்டம். சொத்தைப் பல் வழியாக ரத்தத்தில் கலந்திருக்கலாமாம். கடைவாய்ப் பல் உடைந்து சீழ் வைத்து மூன்று மாதம். பல் டாக்டர் எங்கள் கடைக்கு எதிரிலேயே இருக்கிறார். போக எனக்கு நேரமில்லையாம்!

பக்கத்துக் கட்டில் கோவிந்தராஜ், அத்திபெலே பூ வியாபாரி, காலில் சர்க்கரைப் புண். "வாய்ல இருக்கிற கிருமி நெஞ்சுக்குப் போவுமா? இன்னாய்யா கதை வுடுறாங்க."

டாக்டர் கன்னடப் பெண், சின்ன வயசு, பொறுமைசாலி. எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் சரியான மருந்து. தெரியாமல் வால்வு கெட்டால் நெஞ்சைத் திறக்க வேண்டும். ரத்தத்தைப் பாட்டிலில் ஊற்றிக் கிருமி வளர்த்துப் பார்க்கிறார்கள். இதுவரை ஒன்றும் வளரவில்லை. ஆன்டிபயாடிக் ஏதாவது எடுத்தீர்களா என்று மறுபடி கேட்டார். பாரசிட்டமால் மட்டும் என்றேன்.

ஜூலை 9, புதன்

சொன்னது பொய். லிங்கராஜபுரத்தில் பத்தொன்பது வருஷமாக மெடிக்கல் ஷாப் கவுன்டரில் நிற்கிறேன். ஜுரம் என்று யார் வந்தாலும் ஆன்டிபயாடிக் அட்டையைக் கத்தரித்து மூன்று மாத்திரை கொடுப்பேன். எனக்கும் அப்படியே கொடுத்துக்கொண்டேன். மூன்று நாளில் நிற்கும், அடுத்த வாரம் வரும், மறுபடி மூன்று. நான்கு தடவை. கவுன்டரில் நிற்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று டா. நினைத்துவிடுவாரே என்ற வெட்கம். வேறு காரணம் இல்லை.

சாயங்காலம் 101. ஜெசிந்தா ரசம் சாதம் கொண்டுவந்தாள். சொன்னேன்.

"எனக்குத் தெரியும்ங்க. துவைக்கப் போட்ட சட்டையில காலி அட்டை இருந்துச்சு. நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

பெண்டாட்டி திட்டியிருந்தால் தேவலை. டிபன் டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 10, வியாழன்

ரவுண்ட்ஸில் சொல்லிவிட்டேன். மருந்தின் பெயர், எத்தனை தடவை, கடைசியாக எப்போது (இங்கே வருவதற்கு முந்தின நாள்). டா. எழுதிக்கொண்டே இருந்தார். அரைகுறை மருந்தில் கிருமி சாகாது, பதுங்கிக்கொள்ளும், பாட்டிலிலும் வளராது என்றார். பிறகு, "ஈகலாதரு ஹேளிதிரல்லா." இப்போதாவது சொன்னீர்களே என்று.

பழைய மாத்திரையின் வேகம் உடம்பை விட்டுப் போக, இன்று ஆரம்பிப்பதாக இருந்த மருந்தை இரண்டு நாள் தள்ளி, மறுபடி ரத்தம் எடுப்பார்கள். அதற்குள் கட்டியிலிருந்து துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். போகாது என்று நம்புகிறார்கள். நானும்.

ஜூலை 12, சனி

ரத்தம் எடுத்தாயிற்று, இரண்டு கையிலும். உடனே ட்ரிப்ஸில் பொதுவான மருந்து. மழை விட்டிருக்கிறது. பயமாக இருக்கிறது, ஆனால் நன்றாகத் தூங்கினேன்.
ஜெ. கொண்டுவர வேண்டியது: ரேசர், கண்ணாடி, போர்வை, போன் சார்ஜர்.

ஜூலை 16, புதன்

வளர்ந்துவிட்டது! வாயிலேயே குடியிருக்கிற, நெஞ்சுக்கு அபூர்வமாக வருகிற ஜாதியாம். டா. பெயரை எழுதிக் காட்டினார், வாயில் நுழையவில்லை. இதற்கென்று மருந்து இருக்கிறது. நான்கு வாரம் ட்ரிப்ஸ். வால்வு கொஞ்சம்தான் கசிகிறது, ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம். பல்லைப் பிடுங்க வேண்டும்.

ஜெ. முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை. கோவிந்தராஜ் மட்டும் "அப்ப நெஜமாவே பல்லுதானா?" என்று தன் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஜூலை 17, வியாழன்

ஜுரம் இல்லை, சாயங்காலமும். ஐந்து மணிக்கு போன். கடையில் வழக்கமாக வாங்குகிற ஸ்கூல் டீச்சர்.

"அண்ணா, கடைல நீங்க லீவுன்னாங்க. உங்ககிட்ட வாங்கினது ரெண்டு தடவையும் மூணு நாள்ல கேட்டுச்சு. திரும்ப சாயந்தரமானா ஜுரம் அடிக்குது. அதே மாத்திரை குடுக்கச் சொல்லுங்களேன்."

"வேணாம் டீச்சர். நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரி போங்க. என்கிட்ட வாங்கினதையும் டாக்டர்கிட்ட சொல்லணும்."

"ஐயோ, உங்களுக்கு எதுக்குண்ணா வம்பு? உங்க பேர இழுக்க மாட்டேன்."

"சொல்லுங்க டீச்சர்," என்றேன். "என் பேரையும் சேத்தே சொல்லுங்க."