எந்தத் தையல்?

அக்கா,

போன வாரம் கிள்ளானில் ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். பித்தப்பை ஆப்பரேஷனுக்குப் பிறகு தையல் பிரிக்கும் நாள். தாதி கதவைத் திறந்து, "தையல் பிரிக்க வந்த அக்கா யாரு?" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள். எழுந்து போவதற்குள் எனக்கு முகம் சுட்டது. இந்த வயதிலும்! அந்த மருந்து வாடையில் உங்கள் நினைவு வந்துவிட்டது.

நாம் குடியிருந்த அந்த ஃபிளாட்டில் எங்களுக்கு எதிர்வீடு உங்களுடையது. கதவில் 'தையல்' என்று ஓர் அட்டை. உள்ளே மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங், சுடிதார் என்று மலை போலத் துணி. நான் முதல் பிள்ளை பெற்று வீடு திரும்பி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அம்மா டெங்கில் ஊரில் படுத்த படுக்கை. என் வீட்டுக்காரர் விடியும் முன்பே மேரு தொழிற்சாலைக்குக் கிளம்பிவிடுவார். பிரசவத்தில் போட்ட தையல் பிரிந்திருந்தது. உட்கார முடியவில்லை, காய்ச்சல் வேறு. அவரிடம் சொல்லக் கூசியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் மறுபடி காட்ட வேண்டுமே என்று நினைக்க அதைவிடக் கூசியது.

அன்று காலை எப்படியோ உங்கள் கதவைத் தட்டினேன். உள்ளே இரண்டு பெண்கள் அளவு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா... தையல் பிரிஞ்சு போச்சு."

"கொண்டா புள்ள, ரெண்டு ஓட்டு ஓட்டித் தர்றேன்" என்று கையை நீட்டினீர்கள்.

அந்தப் பெண்கள் என் வெறுங்கையைப் பார்த்தார்கள். "இதோ எடுத்துட்டு வரேங்க்கா" என்று சுவரைப் பிடித்தபடி வீட்டுக்குத் திரும்பினேன். அலமாரியிலிருந்து ஒரு நல்ல ரவிக்கையை எடுத்து, அதன் பக்கத் தையலைக் கத்தரிக்கோலால் பிரித்தேன். தொட்டிலில் பிள்ளை வீறிட்டு அழுதது. அதைத் தூக்காமல், சொன்ன வார்த்தைக்கு ஏற்றபடி ஒரு துணியைத் தயார் செய்துகொண்டிருந்தேன். கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உங்கள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிவிட்டேன்.

சற்று நேரத்தில் அதே ரவிக்கையோடு வந்தீர்கள். அதைத் தைத்திருக்கவில்லை. கதவைச் சாத்தினீர்கள்.

"இது பிரிஞ்ச தையல் இல்ல, பிரிச்ச தையல். எந்தத் தையல் புள்ள பிரிஞ்சுச்சு?"

எனக்கு அழுகைதான் வந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்துப் பதறினீர்கள். "யா அல்லாஹ், கொதிக்குதே! இத வெச்சுக்கிட்டா ரவிக்கையத் தூக்கிட்டு வந்த?"

டாக்சியில் பிள்ளை உங்கள் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரி முகப்பில் நான் தலையைக் குனிந்து நிற்க, நீங்கள்தான் எல்லாவற்றையும் மலாயில் உரக்கச் சொன்னீர்கள். சுற்றி நின்றவர்களெல்லாம் கேட்டார்கள். தரை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. சீழ் பிடித்திருந்தது. சுத்தம் செய்து, மறுபடி தைத்து, சில நாள் அங்கேயே படுக்க வைத்தார்கள். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்ததை நீங்கள் முடிக்கவிடவில்லை. "அதான் வந்துட்டோம்ல, டாக்டர்."

சில வருஷம் கழித்து உங்கள் மகள், தையல் என்றால் பெண் என்று தமிழ்ப் பாடத்தைச் சத்தமாகப் படித்தபோது, மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தீர்கள். "பொம்பளையே தையலா? அதான் எல்லாரும் பிரியுதான்னு இழுத்து இழுத்துப் பாக்குறாங்க லா!" நானும் சிரித்தேன். ஆனாலும் காது சூடானது.

நீங்கள் கண்ணை மூடிய அன்று, செலாயாங்கில் உங்கள் மகள் வீட்டில் பெண்கள் உங்களைப் பொதியும் வெள்ளைத் துணியை விரித்தார்கள். உங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பில், "நான் தைச்சுத் தரட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கஃபனுக்குத் தையல் கிடையாது, ஆன்டி" என்றாள் உங்கள் மகள் மெதுவாக.

இத்தனை வருஷம் எதிரெதிரே வாழ்ந்தும் இதுகூடத் தெரியவில்லையே என்று கூனிக் குறுகிப்போனேன். வெளியே போய்விடலாம் என்று திரும்பியபோது அவள் என் கையைப் பிடித்தாள். "எங்க போறீங்க? இந்த முனையப் பிடிங்க ஆன்டி, நேரா வெட்டணும்."

கூச்சம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை, அக்கா. கடைசிவரை கூடவே வரும்போலிருக்கிறது. அதோடு அந்தத் துணியின் முனையும் என் விரல்களில் இருக்கிறது. அவள் வெட்டி முடிக்கும்வரை நான் விடவில்லை.