காசியில் விட்ட மாம்பழம்

திருவான்மியூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள கயல்,

அப்பாவும் நானும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் மலைக்குளிரில் மூச்சிழுப்பு தலைகாட்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்துகொண்டிருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போன வாரம் நீ ஆசிரமத்திலிருந்து போன் செய்தபோது நான் ஒன்றும் பேசாமல் அப்பாவிடம் கொடுத்துவிட்டேன், கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை, எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை, அவ்வளவுதான். வகுப்பில் மணிக்கணக்காகப் பேசுகிறவளுக்கு உன்னிடம் பேச வரவில்லை என்பதை நீ நம்பமாட்டாய். குரு பூர்ணிமா அன்று பிரம்மச்சரிய தீட்சை எடுத்துக்கொள்ளப் போகிறாய் என்றும், அம்மாவின் சம்மதம் இல்லாமல் யாருக்கும் தீட்சை கொடுப்பதில்லை என்று மாதாஜி சொல்லிவிட்டார் என்றும் எழுதியிருந்தாய். நீ கேட்டதற்குப் பதில் இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது, முதலில் அங்கே போய்ப் படிக்காதே. எந்தக் கதையையும் பின்பக்கத்திலிருந்து தொடங்கும் உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

வீட்டுச் செய்தி என்று பெரிதாக இல்லை. வெயில் இன்னும் குறையவில்லை, நேற்று மருந்தீஸ்வரர் கோயில் பக்கம் நாலு தூறல் போட்டுவிட்டு நம் தெருவுக்கு வராமலே போய்விட்டது. கல்லூரியில் விடைத்தாள் திருத்தி முடித்தாயிற்று, தாவரவியலில் சேரப் பிள்ளைகள் வருவதே குறைந்துவிட்டது, துறையை மூடிவிடுவார்களோ என்று ஒரு பேச்சு ஓடுகிறது. கீழ் வீட்டு அஃப்சருன்னிசா உன்னை விசாரித்துக்கொண்டே இருக்கிறார். சைதாப்பேட்டை பாஞ்சாலி அத்தைக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. அதிலிருந்துதான் நான் சொல்ல வந்தது தொடங்குகிறது, பொறுமையாகப் படி.

தை மாதம் அப்பாவும் பாஞ்சாலி அத்தையும் காசிக்குப் போய் உன் அப்பாவழித் தாத்தாவுக்குக் காரியம் செய்துவிட்டு வந்தார்கள் இல்லையா, நான் போகவில்லை. தமிழ்மொழி என்று எனக்குப் பெயர் வைத்தபோதே என் அப்பா எங்கள் வீட்டிலிருந்து சாமிகளை அனுப்பிவிட்டார், அதை நானும் பெரிய குறையாக நினைத்ததில்லை. ஆனால் அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. எல்லாரும் காசியில் விட்டேன் என்றுதான் சொல்வார்கள், நடப்பது என்னவோ கயாவில், பிண்டம் போட்டு முடித்த பிறகு. ஆலமரத்தடியில் கையில் தண்ணீரை வைத்துக்கொண்டு, நாக்குக்குப் பிடித்த ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை இனி தொடமாட்டேன் என்று சொல்லி விட்டுவிட வேண்டும். அத்தை போகும்போதே ரயிலில் யோசித்து முடிவு செய்துவிட்டாராம். காய்க்குப் பாகற்காய், பழத்துக்கு விளாம்பழம், இலைக்கு அரச இலை. அவர் வாழ்நாளில் பாகற்காயை விரும்பிச் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை, அரச இலையை ஆடுதான் தின்னும். இப்போது டாக்டர் தினமும் பாகற்காய் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல, அத்தை அவர் முகத்துக்கு நேராகவே "அத்த நான் காசியிலயே உட்டுட்டேன் டாக்டரு, இனிமே தொட்டா எங்கப்பாவுக்கு ஆவாது" என்று சொல்லியிருக்கிறார். டாக்டரும் இந்த ஊர்க்காரர்தான் போல, "அப்போ போயி திரும்ப வாங்கினு வாங்க" என்றாராம். அத்தை சிரிக்கவில்லை, நான் இரண்டு நாள் சிரித்தேன்.

அப்பா என்ன விட்டார் என்று உனக்குத் தெரியாது, சொல்ல வேண்டாம் என்று என்னிடம் சொல்லியிருந்தார், இப்போது நான் மீறுகிறேன். பழத்துக்கு மாம்பழம் சொல்லிவிட்டார். சித்திரையில் முதல் பங்கனபள்ளி வந்ததும் சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போய், காம்பை முகர்ந்து முகர்ந்து எடுத்து, ஆபீசுக்குக்கூட இரண்டு துண்டு டப்பாவில் கொண்டுபோகிற மனிதர். அவர் சொன்னதைக் கேட்டு அத்தை அங்கேயே தலையில் அடித்துக்கொண்டாராம், "இன்னாடா பாலு, ஏதாச்சும் வாய்க்கு வந்த பழத்த சொல்லிட்டு வர்றதுதானே, அய்யரு உன் நாக்க புடிச்சா பாத்தாரு" என்று. ஊருக்கு வந்தும் விடவில்லை, மாங்காய் வேறு மாம்பழம் வேறு, பழத்தைத்தானே விட்டான், ஊறுகாய் சாப்பிடலாமா கூடாதா என்று என்னிடம் தீர்ப்புக் கேட்டார். "நீ செடி கொடி படிச்ச புரொபசரம்மா, நீயே சொல்லு" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு மரம் காய்ப்பதில் இவ்வளவு சட்டம் பேசுகிறார்களே என்று.

பிறகு வெயில் காலம் வந்தது, நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். இனி நம் வீட்டுக்கு மாம்பழம் வராது, அல்லது வந்தால் அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார், ஒருவேளை நான் சாப்பிடுவதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை கயல். எப்போதும்போல ஞாயிற்றுக்கிழமை பையை எடுத்துக்கொண்டு போனார், எப்போதும்போல முகர்ந்துதான் எடுத்திருக்க வேண்டும், ஒரு பழம்கூடப் புளிக்கவில்லை. தண்ணீரில் ஊறப் போட்டுத் தோல் சீவி, உனக்குப் பிடித்த மாதிரி நீளவாக்கில் நறுக்கி, கீழ் வீட்டுக்கு ஒரு தட்டு, எனக்கு ஒரு தட்டு. அஃப்சருன்னிசா "பாய்சாப், நீங்க ஒண்ணு வாய்ல போட்டு சொல்லுங்க, இனிப்பா கீதா" என்று கேட்டதற்கு, வாசனையிலேயே தெரியும்மா, நல்ல பழம், சாப்பிடுங்கள் என்றார். முகத்தில் வருத்தமும் இல்லை, நான் விட்டவனாக்கும் என்ற களையும் இல்லை. கையெல்லாம் சாறு வழிய நிற்கிறார், குழாயில் கழுவிக்கொண்டு வந்து பேப்பர் படிக்கிறார். சதைப்பற்றோடு கொட்டையைத் தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்து வைப்பதையும் நிறுத்தவில்லை. அது உன் பங்கு என்று இத்தனை வருடப் பழக்கம். சாயங்காலம்வரை மேஜையில் இருக்கும், பிறகு நான் எடுத்துக் கொட்டிவிடுவேன்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, என் புத்தி அப்படி. நீ திரும்பி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் மாம்பழத்தை விட்டிருப்பார் என்று நினைத்தேன். உன் கடிதம் வந்த அன்று நேராகவே கேட்டுவிட்டேன். அவர் சட்டென்று சிரித்துவிட்டார். "இன்னா நீ மொழி, அத்த குட்த்துட்டு இத்த வாங்குனா அது பேங்க்ல நான் பாக்குற வேலைதானே" என்றார். அப்புறம் எதற்காக விட்டீர்கள் என்றேன். அங்கே தண்ணீரைக் கையில் வைத்திருந்தபோது கொய்யா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாராம், எதிரில் தாத்தாவுக்கு வைத்த பிண்டம் இருந்ததாம், பொய் சொல்ல வரவில்லையாம். "கயலு நெனப்பு வந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா கேக்கல. கேட்டா அது உட்ட மாதிரியா?" என்றார்.

செயலை விடுவது துறவு இல்லை, அதனால் நமக்கு என்ன கிடைக்கும் என்ற பிடியை விடுவதுதான் என்று மாதாஜி பாடம் நடத்தியதாக நீ பக்கம் பக்கமாக எழுதியிருந்தாய். அதைப் படிக்கும்போது எனக்கு நல்ல வாக்கியமாகத்தான் பட்டது, அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. நம் சமையலறையில் அதைப் பார்த்த பிறகு கொஞ்சம் புரிகிறது, முழுக்க நம்புகிறேன் என்று சொல்லமாட்டேன். சாமி உண்டா இல்லையா என்பதில் என் கருத்து மாறவில்லை. ஆனால் ஒன்று. வேண்டாததை விடுவது எல்லாருக்கும் முடியும், அத்தை செய்தது அது. வெறுத்துவிட்டு விடுவதும் முடியும். பிடித்ததைப் பிடித்தபடியே வைத்துக்கொண்டு, அது எனக்கு என்பதை மட்டும் எடுத்துவிடுவது வேறு விஷயம் போலிருக்கிறது. இதை எழுதும்போது சுஹாஸ் நினைவு வருகிறது, அந்தப் பெயரை எழுத யோசித்தேன், எழுதிவிடுகிறேன். அந்தப் பையன் கல்யாணம் வேண்டாம் என்று விலகிய நாலாம் மாதம் நீ மலைக்குப் போனாய். உறவெல்லாம் மாயை என்று அப்போது சொன்னாய். அது நிஜமாகவே நீ கண்டதா, அல்லது உனக்கு அது பாகற்காயாகக் கசந்துவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு நீ பதில் எழுத வேண்டாம். நான் கேட்டேன் என்று மட்டும் வைத்துக்கொள், உனக்கு நீயே ஒரு நாள் சொல்லிக்கொண்டால் போதும்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். உன் கடிதம் வந்ததும் நான் ஒரு பதிலை மனதில் தயார் செய்திருந்தேன். சம்மதம் தருகிறேன், ஆனால் முதலில் வீட்டுக்கு வந்து ஒரு வருடம் இரு, வேலைக்குப் போ, அப்போதும் இதே எண்ணம் இருந்தால் பார்க்கலாம் என்று. நியாயமான பதில்தான், யாரிடம் கேட்டாலும் சரி என்பார்கள். அப்பா சொன்னதைக் கேட்ட பிறகு அதை எழுதக் கை வரவில்லை. அத்தை வேறு போனில், "சாமி இல்லன்னு சொன்ன ஊட்டுலருந்து ஒரு சாமியாரம்மா கெளம்பிட்டா பாத்தியா புரொபசரு, நீ உடாத, இழுத்துனு வா" என்று திட்டினார். அவர் அழுதுகொண்டேதான் திட்டினார், உன் மேல் அவ்வளவு உயிர். ஆனாலும் நான் இழுக்கப்போவதில்லை. என் சம்மதத்தைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், "ஆனால்" என்று ஒரு வார்த்தைகூட அதில் இல்லை, நீ தேடிப் பார்க்கலாம். அதை மாதாஜியிடம் கொடுப்பதும், வேண்டாம் என்று பட்டால் கிழித்துவிட்டு அடுத்த ரயில் ஏறுவதும் உன் இஷ்டம். இரண்டில் எதைச் செய்தாலும் இந்த வீட்டில் யாரும் உன்னைக் காரணம் கேட்கமாட்டோம். எனக்கு வருத்தம் இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே, நிறைய இருக்கிறது, அதை என்னால் விட முடியவில்லை, விட வேண்டும் என்றும் தோன்றவில்லை.

நீ எந்த வழியில் போனாலும் உடம்பும் மனதும் தெம்பாக, யாருக்கும் பயப்படாமல், நிறைவாக இரு கண்ணம்மா. எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உன்னோடு இருக்கும், ஆசியில் நம்பிக்கை இல்லாதவளின் ஆசியையும் சேர்த்துக்கொள். இன்ஹேலர் தீர்வதற்கு முன்பே சொல்லி அனுப்பு, மௌன விரதம் என்று மூச்சிழுப்பையும் சொல்லாமல் இருந்துவிடாதே. காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். நேற்று அப்பா பழம் நறுக்கிக் கொட்டையைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போனார், சாயங்காலம் அதைக் கொட்ட எடுத்தவள், கொட்டாமல் பால்கனியில் உட்கார்ந்து நானே சாப்பிட்டேன். புடவையெல்லாம் சாறு. நீ சொல்வது சரிதான், துண்டைவிட அதுதான் ருசி.

அன்புடன்,
அம்மா