இரண்டு சீட்டிலும் ஒரே சொல்

3-6-1968, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. மூன்றாம் வகுப்பில் அறுபத்திரண்டு பிள்ளைகள், உட்காரும் பலகை நாற்பது பேருக்குத்தான். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் ஐயரம்மா உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் சபைப் போதகரின் மனைவி சும்மா காப்பி குடிக்க வருகிறவர்கள் அல்ல. என் தங்கை சற்குணத்துக்கு வரன். புதுவயல் ரைஸ் மில்லில் ஃபிட்டர், பெயர் யோபு, முப்பத்தாறு வயது. மனைவி காய்ச்சலில் போய் இரண்டு வருஷம். பிள்ளை இல்லை. "குடி கிடையாது. கோயிலுக்குத் தவறாம வாராக. ஒங்க தங்கச்சியத்தான் கேக்குறாக டீச்சர்" என்றார்கள்.

சற்குணம் உள்ளே யாருக்கோ ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் சத்தம் நின்றுவிட்டது. டம்ளரை எடுக்க வந்தபோது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. இருபத்தொன்பது வருஷமாக அவளைப் பார்க்கிறேன், அந்தச் சிரிப்பை மட்டும் பார்த்ததில்லை.

7-6-1968, வெள்ளி

யோபுவிடம் என்ன குறை என்று நாலு நாளாகத் தேடுகிறேன். நகக்கண்ணில் கிரீஸ். இரண்டாம் தாரம். கோயிலில் ரொம்பச் சத்தமாகப் பாடுகிறார். இவ்வளவுதான் அகப்பட்டது.

சற்குணம் நேற்று ஐயரம்மா வீட்டுக்குப் போய்வந்தாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

உண்மையை எழுதினால் என்ன, இந்த நோட்டை யார் பார்க்கப்போகிறார்கள்? எனக்கு நாற்பத்துமூன்று. அம்மா போனபோது அவளுக்கு ஐந்து வயது. அவளைக் காரணம் காட்டி எனக்கு வந்த இரண்டு வரன்களைத் தட்டிக்கழித்தேன். இப்போது அவள் கிளம்பினால் — சாயங்காலம் கதவைத் திறந்து நான் யாரோடு பேசுவது?

9-6-1968, ஞாயிறு

செய்துவிட்டேன்.

"நீங்க என்ன சொல்லுறீகளோ அதுதான்க்கா" என்றாள். வேண்டாம் என்று என் வாயால் சொல்லக் கூச்சம். "சீட்டுப் போடுவோம், ஆண்டவர் சொல்லட்டும்" என்றேன். எங்கள் வீட்டு வழக்கம் அது. அப்பா இருந்த காலத்தில் காரைக்குடிக்கு மாற்றல் வாங்கியதும் சீட்டில்தான், இந்த வீட்டைப் பிடித்ததும் சீட்டில்தான். ஒன்றில் 'சம்மதம்', ஒன்றில் 'வேண்டாம்' என்று எழுதி, சுருட்டி, வேதப்புத்தகத்தின் மேல் வைப்போம். ஜெபம் பண்ணி ஒன்றை எடுத்தால் அதற்கப்புறம் மறுபேச்சு கிடையாது.

நான் இரண்டிலும் 'வேண்டாம்' என்று எழுதினேன்.

ஆண்டவரும் அதைத்தான் சொல்லப்போகிறார், நான் கொஞ்சம் கைகொடுக்கிறேன் — எழுதும்போது இப்படி ஒரு நியாயம். அவள் முழங்காலில் நின்று நெடுநேரம் ஜெபித்தாள். அவள் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எடுத்தாள், பிரித்தாள். "சரிக்கா" என்று சொல்லிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள். மற்றச் சீட்டை அடுப்பில் போட்டேன்.

10-6-1968

சோறு குழைந்துவிட்டது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

30-6-1968, ஞாயிறு

கோயிலில், ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சபைமுன் சாட்சியாகச் சொல்லும் நேரத்தில் சற்குணம் எழுந்து நிற்பாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. "எனக்கு ஒரு காரியத்துல ஆசை இருந்துச்சு. சீட்டுல ஆண்டவர் வேண்டாம்னுட்டாரு. இப்ப மனசுல சமாதானமா இருக்கேன். எங்க அக்கா காட்டின வழி" என்றாள்.

போதகர் ஐயர் அதைப் பிடித்துக்கொண்டார். தேவசித்தம் கேட்டு நடக்கிற குடும்பம் என்று பிரசங்கத்தில் இரண்டு தடவை சொன்னார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் தாழ்மை என்று நினைத்திருப்பார்கள்.

ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் யோபு. இன்று அவர் சத்தமாகப் பாடவில்லை.

7-7-1968, ஞாயிறு

திருவிருந்து. மனதில் பாவத்தை மறைத்துக்கொண்டு அந்த அப்பத்தை வாங்கக் கூடாது. வயிற்றுவலி என்று சொல்லி பெஞ்சிலேயே இருந்துவிட்டேன். இனி மாதத்துக்கு ஒரு வலி கண்டுபிடிக்க வேண்டும்.

14-8-1968, புதன்

அடுத்த தெரு உமையாள் ஆச்சி ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தார்கள். ஊரில் எதுவும் அவர்கள் காதுக்குத் தப்பாது. "ஏன் சற்குணம், கட்டிக்கிறதா வேணாமான்னு ஒங்க சாமி சீட்டுலதான் சொல்லுவாகளோ? ஒங்க அக்காகிட்டக் கேட்டா ஆகாதா?"

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா எனக்காகப் பாத்துப் பேசிருவாக ஆச்சி. சாமிதான் ஒருத்தர் பக்கமும் சாயாது."

நான் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். ச்சீ, என்ன ஜென்மம் நான். எனக்காகப் பாத்துப் பேசிருவாகளாம்.

18-1-1969, சனி

யோபுவுக்கு அடுத்த வாரம் கல்யாணம். தேவகோட்டைப் பெண். கல்யாண ரவிக்கை எங்கள் வீட்டுக்கே தைக்க வந்திருக்கிறது. சபையில் தைக்கிறவள் இவள் ஒருத்திதானே.

"வேற யாருகிட்டயாச்சும் குடுத்துறலாம்டி" என்றேன். "ஏன்க்கா? அந்தப் பொண்ணு என்ன செஞ்சுச்சு?" என்றாள். இடது கை சரியாக விழவில்லை என்று இரண்டு முறை பிரித்துத் தைத்தாள்.

அந்தப் பொண்ணு ஒண்ணும் செய்யலை. செஞ்சவ இங்ஙன உக்காந்து அரிசி பொறுக்கிக்கிட்டு இருக்கேன்.

5-4-1969, சனி

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் தையல் டீச்சர் வேலைக்கு வரச்சொல்லி அவளுக்குக் கடிதம் வந்திருக்கிறது. சாயங்காலம் காகிதத்தைக் கத்தரியால் ஒரே அளவாக இரண்டு துண்டு வெட்டி, பென்சிலும் வேதப்புத்தகமுமாக என்னிடம் வந்தாள். "நீங்களே எழுதுங்கக்கா. ஒங்க கையால எழுதினா எனக்கு நிம்மதி."

ஒன்றில் 'சம்மதம்' என்று எழுதினேன். இரண்டாவதை எடுத்தேன். பென்சிலைக் கீழே வைத்தேன். இன்றைக்கு யோக்கியமாக எழுதிவிட்டால் அன்றைக்கு எழுதியது இல்லாமல் போகுமா? சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

அவள் கத்தவில்லை. "இன்னொரு சீட்டு?" என்றாள்.

"அடுப்புல போட்டேன்."

வெறும் சீட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அம்புட்டு நேரம் ஜெபம் பண்ணேனே. பாத்துக்கிட்டா நின்னீக?"

6-4-1969, ஈஸ்டர்

கோயிலில் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

8-4-1969, செவ்வாய்

இன்றுதான் பேசினாள். "ஏன்க்கா?" என்று ஒரே கேள்வி.

"நீ போயிட்டா நான் தனியா ஆயிருவேன்னு பயந்துட்டேன்டி."

"இதைச் சொல்லியிருக்கலாமேக்கா. நானே ஐயரம்மா வீட்டுக்குப் போயி, அக்காவை விட்டுட்டு வர மாட்டேன்னு சொல்லிட்டு வந்தேன். அந்த மில்லுக்காரவுக சரின்னுட்டாகளாம். இந்த வீட்டுக்கே வந்து இருந்துக்கிட்டு, இங்க இருந்தே மில்லுக்குப் போயிக்கிறேன்னு சொன்னாகளாம். சீட்டு எடுத்தப்பெறகு ஒங்ககிட்டச் சொல்லுவோம்னு இருந்தேன்."

புதுவயலுக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். அரை மணி நேரம். கடவுளே, ஒரு வாய்ப்பேச்சு. ஒரே ஒரு வாய்ப்பேச்சு எனக்கு வரலையே.

19-5-1969, திங்கள்

போய்விட்டாள். சீட்டுப் போடவில்லை. ஒரு மாதம் யோசித்தாள், ஐயரிடம் பேசினாள், ஜெபம் பண்ணினாள், போகிறேன் என்றாள். என்னைக் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேள் என்று சொல்வேன்?

அங்கே மெஷின் இருக்கிறதாம். இங்கே இருப்பதைத் துணிபோட்டு மூடிவைத்துவிட்டுப் போனாள்.

1-6-1969, ஞாயிறு

சாட்சி நேரத்தில் எழுந்தேன். யோபுவின் பெயரைச் சொல்லவில்லை, அவர் மனைவி எனக்கு முன்பெஞ்சில் இருந்தாள். "போன வருஷம் என் தங்கை சொன்ன சீட்டில் ஆண்டவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு சீட்டிலும் 'வேண்டாம்' என்று நான்தான் எழுதினேன்" என்றேன். சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பதினோரு மாதத்துக்குப் பிறகு திருவிருந்துக்குப் போனேன். ஐயர் மறுக்கவில்லை. வாசலில் ஐயரம்மா முகம் கொடுக்காமல் போனார்கள்.

8-12-1969, திங்கள்

போனதிலிருந்து இது அவளுடைய இரண்டாவது கடிதம். முதல் கடிதம் பெட்டிச் சாவியை மறந்துவிட்டதாக இரண்டு வரி. இது மூன்று வரி. "கிறிஸ்துமஸுக்கு லீவு தருகிறார்கள். வரவா, வேண்டாமா? மனதில் உள்ளதை எழுதுங்கள்."

'உன் சௌகரியம்போல் செய், எல்லாம் தேவசித்தம்' என்று ஒரு கார்டு எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். கிழித்துப் போட்டேன்.

இன்னொரு கார்டு எடுத்தேன். "இந்த வீட்டில் என்னால் தனியாக இருக்க முடியவில்லை. வா" என்று எழுதி, மனசு மாறுவதற்குள் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

அப்புறம் மெஷினை மூடியிருந்த துணியை எடுத்துத் துவைத்துப் போட்டேன். மெஷினுக்கு எண்ணெய் விட்டேன்.