வடக்கே கிடைத்த வேலை

ஜனவரி 20, செவ்வாய்

இன்றிலிருந்து என் மேஜை பேப்பர் மில் கேன்டீனில். மில்லை மூடப்போகிறார்கள் என்று அறிவித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் எங்கள் வேலைவாய்ப்பு அலுவலகம் என்னையும் மெர்வியையும் இங்கே அனுப்பிவிட்டது. ஆட்கள் எங்களைத் தேடி வரவேண்டாம், நாங்களே வந்து உட்கார்ந்து பெயர் பதிய வேண்டும். சூப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர்.

முதலில் வந்தது ஆர்வோ. "உன் கல்யாணத்துல விடிய விடிய ஆடினவன் நான். எனக்கு என்ன தெரியும்னு என்னையே கேக்கறியா சினிக்கா?"

"கேட்டுத்தான் ஆகணும்."

"எழுதிக்கோ. பேப்பர் ரோல் சுத்தத் தெரியும். பீர் குடிக்கத் தெரியும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எழுந்து போகும்போது நாற்காலியை இரண்டு தடவை நேராக்கி வைத்துவிட்டுப் போனான்.

மதியம் ஹெய்மோ சாப்பிட வந்தான். தட்டோடு என் மேஜையைத் தாண்டிப் போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். என் புருஷன்! மாலையில் ஒரே காரில்தான் வீட்டுக்கு வந்தோம், ரேடியோ கேட்டுக்கொண்டே.

பிப்ரவரி 5

ஹெய்மோவின் பதிவை நான் தொடக்கூடாது. சொந்தக்காரர்களின் விஷயத்தை நாங்கள் கையாளக்கூடாது என்பது விதி. மெர்வி பார்த்துக்கொள்வாள். இதைச் சொன்னதும் அவன் பூட்ஸைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"நல்ல கூத்து. ஊருக்கெல்லாம் வேலை தேடிக் குடுக்கறவ வீட்டுலயே ஒருத்தன் சும்மா."

"நீ இன்னும் வேலையிலதானே இருக்கே?"

"மார்ச் வரைக்கும்."

மார்ச் 31

இன்று மெஷின் நின்றது. இத்தனை வருஷம் அது ஓடிய சத்தம் என் காதில் விழுந்ததே இல்லை. நின்றதுதான் கேட்டது.

ஏப்ரல் 22

வீட்டுக்கு வந்தால் ஜன்னல்கள் பளிச்சென்று இருக்கின்றன. நேற்றும் அப்படித்தான் இருந்தன. விறகை உயரவாரியாக அடுக்கியிருக்கிறான். சால்மன் சூப் வைத்திருந்தான், சோம்புச்செடி இலை மாதிரி இருக்குமே அந்தத் தில் இலையெல்லாம் தூவி.

"ரொம்ப நல்லா இருக்கு ஹெய்மோ. நிஜமா."

கரண்டியை வைத்துவிட்டான். "ஒரு சூப்புக்கு இவ்வளவு பாராட்டா?"

நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்?

மே 4

மெர்வியிடம் கேட்டேவிட்டேன். "ஹெய்மோ உன்கிட்ட என்ன சொன்னான்?" அவள் காபியைக் கலக்கிக்கொண்டே, "கேக்காதே. நான் சொல்லமாட்டேன்னு உனக்கே தெரியும்" என்றாள். தெரியும். புதிதாக வருபவர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

மே 19

வடக்கே, கடலோரத்தில் இருக்கும் ஒரு காகிதக் கூழ் ஆலையிலிருந்து ஆளெடுக்க வந்திருந்தார்கள். அனுபவமுள்ள மூன்று பேர் வேண்டும், ஷிஃப்ட் வேலை, நிரந்தரம். மெர்வி அனுப்பிய பெயர்களில் ஹெய்மோவும் உண்டு. பேசிப் பார்த்தவர்களுக்கு அவனைப் பிடித்துவிட்டது.

வீட்டில் சண்டை. அவனுக்குப் போக இஷ்டமில்லை. பஸ் டிரைவர் பயிற்சியில் சேர்கிறானாம், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறானாம்.

"சம்பளம் கம்மிதான். ஆனா ராத்திரி இந்தக் கட்டில்ல வந்து படுப்பேன்."

"உன் வயசுல ஒரு வருஷம் சும்மா இருந்துட்டா அப்புறம் ஒருத்தனும் கூப்பிடமாட்டான். தினம் பாக்கறேன் ஹெய்மோ. நீ பாக்கறதில்ல."

"நான் உன் ஆபீஸுக்கு வர்ற ஆளு இல்ல."

"நான் அப்படிச் சொல்லலையே."

"சொல்லத்தான் வேணுமா?"

கடைசியில் சவுனாவில் நீராவிக் குளியலுக்குத் தனியாகப் போனான். எப்போதும் சேர்ந்துதான் போவோம். வெளியே வந்ததும், "சரி, போறேன்" என்றான். எனக்குச் சந்தோஷம்தான். அதை எழுதிவைக்கிறேன். இன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூன் 8

காரை நிரப்பினோம். இரண்டு பெட்டி, தூண்டில், காபி மெஷின். மாதம் இரண்டு தடவை வருவான். நாள் முழுக்க கார் ஓட்டவேண்டிய தூரம். கையசைத்தேன்.

ஜூலை 15

குரல் மாறியிருக்கிறது. ஃபோனில் பேச்சு நிறைய. மெஷின் பெயரைச் சொல்கிறான், ஷிஃப்ட் ஆட்களைப் பற்றிச் சொல்கிறான், ஒரு சின்னப் படகு வாங்கப்போகிறானாம். நான் ஜெயித்துவிட்டேன் என்று மெர்வியிடம் சொன்னேன். அவள் அடுத்த ஃபைலை எடுத்தாள்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

வந்தான், போய்விட்டான். இரண்டு நாளும் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தான். தோளில் கை வைத்து, "உடம்பு எப்படி இருக்கு? தூக்கம் வருதா? சாப்பாடு ஒழுங்கா இருக்கா?" என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். பிறகு, போய் வேலியைச் சரி பண்ணுகிறேன் என்று எழுந்துவிட்டான். வேலிக்கு ஒன்றுமில்லை.

செப்டம்பர் 27

இந்த மாதம் வரவில்லை. கூடுதல் ஷிஃப்டாம்.

அக்டோபர் 6

அவன் ஊர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஓர் இடம் காலி. என் வேலையேதான். ஹெய்மோவுக்குச் சொல்லாமல் விண்ணப்பம் போட்டேன். என் அனுபவத்தை நானே எழுதுவதற்குள் கூச்சமாகிவிட்டது. எத்தனை பேரிடம் 'கூச்சப்படாம எழுதுங்க' என்று சொல்லியிருப்பேன்!

அக்டோபர் 30

கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது. மேலதிகாரியிடம் அப்போதே ராஜினாமா கொடுத்தேன். என் இடத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் வருகிறாளாம், அவளும் அங்கே ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டாள். மெர்வி கேக் வாங்கிவந்தாள். "இந்த வயசுல புருஷன் பின்னாடி ஓடுற பொம்பளையை இப்பத்தான் பாக்கறேன்" என்று கட்டிக்கொண்டாள்.

துருக்கு நகரத்தில் படிக்கும் மகள் வில்மாவுக்கு மட்டும் சொன்னேன். "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை சொல்லி ஆச்சரியப்படுத்தப்போகிறேன் என்றேன். "முதல்ல கேட்டிருக்கலாமேம்மா" என்றாள். எதைக் கேட்பது? புருஷன் வீட்டுக்குப் போக?

நவம்பர் 1, ஞாயிறு

வராதே என்றான்.

நவம்பர் 2

வராதே. அவ்வளவுதான் சொன்னான். "வராதே சினிக்கா." பிறகு, "நேர்ல பேசலாம்" என்றான். இன்று அலுவலகத்தில் ஒரு வெல்டருக்கு மானியம் பற்றி விளக்கினேன். என்ன விளக்கினேன் என்று தெரியவில்லை. தலையாட்டிக்கொண்டு போனார்.

நவம்பர் 8, ஞாயிறு

வெள்ளி ராத்திரி ரயில் ஏறிப் போய், இன்று விடியற்காலை திரும்பினேன். ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். இளைத்திருக்கிறான், முகத்தில் வெயிலும் காற்றும் பட்ட நிறம். நன்றாக இருக்கிறான். அதுதான் தாங்கவில்லை.

வீடு ஒரே ஒரு அறை. ஒரு நாற்காலி. என்னை அதில் உட்காரவைத்துவிட்டு அவன் கட்டிலில் உட்கார்ந்தான்.

"யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல. இருந்திருந்தா உனக்குச் சுலபமா இருந்திருக்கும்."

"அப்புறம் என்னதான்?"

ஹெய்மோ நிறையப் பேசுகிறவன் இல்லை. நேற்று பேசினான்.

"ஏப்ரல், மே ரெண்டு மாசமும் நீ என்னைப் பாத்தியே ஒரு பார்வை. பொறுமையா. கனிவா. எது செஞ்சாலும் நல்லா இருக்குன்னு. கேன்டீன்ல ஆர்வோவை எப்படிப் பாத்தியோ அப்படியே. நீ கத்தியிருந்தா தாங்கியிருப்பேன். பிளேட்டைத் தூக்கிப் போட்டிருந்தாக்கூட... நீ எனக்குப் பொண்டாட்டியா இல்ல சினிக்கா. அதிகாரியா இருந்தே. நல்ல அதிகாரி."

"உன்னைக் காப்பாத்தத்தானே பாத்தேன்?"

"காப்பாத்திட்டே. உன்னாலதான் இங்க இருக்கேன். இங்க என்னை யாரும் வேலை போனவனாப் பாக்கறதில்ல. நீ வந்து இந்தக் கதவைத் திறந்தா, நான் மறுபடியும் அந்த ஆளு."

"நான் வேற மாதிரி பாக்கறேன்."

அதைச் சொல்லும்போதே என் குரல் எனக்குக் கேட்டது. அதே மெல்லிய, அவசரமில்லாத குரல். அவனும் கேட்டான். தலையைக் குனிந்துகொண்டான்.

வரும் வழியில் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. நவம்பரில் மதியமே இருட்டு. என்னால் கத்தக்கூட முடியவில்லையே! இத்தனை வருஷம் சாந்தமாக இருக்கச் சம்பளம் வாங்கி, கத்துவது எப்படி என்பதே மறந்துவிட்டதா? வீட்டுக்கு வந்து கேக் இருந்த டப்பாவைச் சுவரில் அடித்தேன். பிளாஸ்டிக். ஒன்றும் ஆகவில்லை.

நவம்பர் 13

வடக்கு அலுவலகத்துக்கு, வரமுடியாது என்று எழுதிவிட்டேன். அவன் இருக்கும் ஊரில், அவன் ரொட்டி வாங்கும் கடையில் நானும் வரிசையில் நிற்பதா? இங்கே ராஜினாமாவை வாபஸ் வாங்கக் கேட்கவில்லை. என் இடத்துக்கு வரும் பெண் வீடு பார்த்து முடித்துவிட்டாளாம்.

டிசம்பர் 1

மெர்வியின் மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். நேற்று வரை அவளுக்குப் பக்கத்து மேஜை என்னுடையது. இப்போது அங்கே அந்தப் பெண், என்னைப் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபடுகிறாள்.

மெர்வி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள். கேட்டுத்தானே ஆகவேண்டும்?

"வேலையை விட்டதுக்குக் காரணம்?"

"புருஷன் இருக்கற ஊருக்குப் போறதுக்காக."

கம்ப்யூட்டரில் தட்டினாள்.

"அங்க போகாததுக்குக் காரணம்?"

அவள் கை கீபோர்டின் மேலேயே நின்றது. பிறகு தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி, "அவசரமில்ல சினிக்கா. உனக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லு" என்றாள்.

என்னவொரு அன்பு! எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"பிரிஞ்சுட்டோம்னு எழுது" என்றேன். தானாக வேலையை விட்டவர்களுக்குக் கொஞ்ச காலம் உதவித்தொகை கிடையாது என்று அவள் விளக்க ஆரம்பித்தாள். "தெரியும் மெர்வி" என்றேன். "தெரியும்னு எனக்கும் தெரியும். சொல்லணும்" என்றாள். அப்போதுதான் அழுதாள். நான் அழவில்லை.

டிசம்பர் 11

விவாகரத்து மனுவை இருவரும் சேர்ந்தே போட்டோம். ஆறு மாதம் யோசிக்கச் சட்டம் அவகாசம் தருகிறது. பிறகு இன்னொரு மனு போட்டால் முடிந்தது.

டிசம்பர் 24

வில்மா வந்திருக்கிறாள். கிறிஸ்துமஸுக்குப் பன்றித் தொடையை எப்போதும் ஹெய்மோதான் வாட்டுவான். நாங்கள் கருக்கிவிட்டோம்.

பிப்ரவரி 16

மருத்துவமனைத் துணி வெளுக்கும் கூடத்தில் வேலை. மெர்வி அனுப்பிய விளம்பரங்களில் இதுதான் சீக்கிரம் ஆரம்பிக்கக்கூடியதாக இருந்தது. இன்று முதல் நாள். மேற்பார்வை ரைலி என்ற பெண், என்னைவிடச் சின்னவள், குரல் மட்டும் சைரன்.

"ஏம்மா ஆபீஸ்காரம்மா! போர்வையா மடிக்கிறே, லவ் லெட்டரா? பிரி, மறுபடி மடி!"

பிரித்து மடித்தேன். மறுபடியும் கத்தினாள். மாலைவரை கத்தினாள். வீட்டுக்கு வந்து கறுத்த ரை ரொட்டியும் வெண்ணெயும் இரண்டு முட்டையும் தின்றேன். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு பசித்தது.

ஏப்ரல் 9

ரைலியிடம் திருப்பிக் கத்தினேன். நீராவிக் குழாயைத் திறந்து வைத்துவிட்டு என்னைக் குற்றம் சொன்னாள். "கண்ணு என்ன முதுகுலயா இருக்கு உனக்கு?" என்று நான் போட்ட சத்தத்தில் கூடமே நின்றது. ரைலி என்னை ஏற இறங்கப் பார்த்து, "அட, பேச வருதே" என்றாள். அந்த நவம்பரில் ஒரே ஒரு தடவை எனக்கு இது வந்திருந்தால்...

வேண்டாம். இதை எழுதவேண்டாம்.

ஜூன் 13, ஞாயிறு

ஹெய்மோ ஃபோன் செய்தான். ஆறு மாதம் முடிந்துவிட்டது. வேலை எப்படிப் போகிறது என்று கேட்டான்.

"நரகம். ஒரே நீராவி. ரைலின்னு ஒரு பிசாசு. நேத்து அவ தலையில ஒரு கூடை அழுக்குத் துணியைக் கவுத்துட்டேன். தெரியாமத்தான். பாதி தெரியாம."

சிரித்தான். வாய்விட்டு, மூச்சுவாங்கச் சிரித்தான். நானும் சிரித்தேன். மில் மூடுவதற்கு முன்னால், சவுனாவில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும்போது இப்படித்தான் சிரிப்போம். "உன்னை இப்படிக் கேட்டு எவ்வளவு நாளாச்சு" என்றான். வா என்று சொல்வான் என நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன், ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு.

அவன் பக்கத்தில் கடல்பறவைகள் கத்துவது கேட்டது.

"ரெண்டாவது மனுவை நீ போடறியா, நான் போடட்டுமா?" என்று கேட்டான்.

நான் போடுகிறேன் என்றேன்.