அண்ணனுடைய மேலங்கி

தோங், மே 12, 2002

அன்புள்ள அண்ணிக்கு,

ஜுமாஷ் எழுதுவது. நீங்கள் நலமா? உங்கள் அப்பா அம்மா நலமா? ஆடுகள் நல்லபடியாகக் குட்டி போட்டனவா? இங்கே நானும் நாயும் நலம். கூரைதான் நலமில்லை, மழை பெய்தால் நானும் நாயும் இடம் மாறி மாறிப் படுக்கிறோம்.

அண்ணனுக்கு நாற்பதாம் நாள் முடிந்ததும் நாரினுக்குப் பெட்டி கட்டினீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. பிறந்த வீட்டில் இருப்பதுதான் இப்போது உங்களுக்கு நல்லது. ஆனால் இரண்டு மாதமாக ஒரு வரி இல்லையே! கொழுந்தன் செத்தானா இருக்கிறானா என்று கேட்க ஒரு தபால்தலை கூடவா கிடைக்கவில்லை?

எழுத வந்த விஷயம் கராகோஸ். பனிச்சரிவு அண்ணனை மூடியபோது, மூன்று நாள் அந்த இடத்திலேயே உட்கார்ந்து நமக்கு அடையாளம் காட்டிய அவருடைய வேட்டைக் கழுகு. அதனால் அவளைப் பட்டினி போட எனக்கு மனமில்லை. இறைச்சியைத் தரையில் வீசினால் தின்றாள். கையில் வைத்து நீட்டினால் மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டாள். போன வாரம் குளிர் தாங்காமல், கொக்கியில் தொங்கிய அண்ணனுடைய மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். உங்களைக் கேட்காமல் எடுத்தது தப்புதான், மன்னியுங்கள். அதைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் போனதும், கூப்பிடாமலே என் கைக்கு வந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் சுற்றுலா முகாம் எமில் வந்தான். ஜூனில் வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்களாம். "நோட்டீஸ் அடிச்சாச்சுப்பா. காசிமாலியின் கழுகுக் காட்சின்னு போட்டோவோட போட்டாச்சு. இனிமே மாத்த முடியாது" என்றான். காசிமாலி என் அண்ணன், நான் ஜுமாஷ் என்றேன். "தொப்பியைக் கொஞ்சம் இறக்கிப் போட்டுக்கோ. பஸ்ஸுல வர்றவனுக்கு உங்க ரெண்டு பேர்ல யாருன்னு என்ன தெரியும்?" என்கிறான்.

ஒரே ஒரு கோடை, அண்ணி. அண்ணன் சொன்னபடி செப்டம்பரில் அவளை மலையில் விட்டுவிடுகிறேன். சரியென்று நீங்கள் சொன்னால்தான் செய்வேன்.

உங்கள் கொழுந்தன்,
ஜுமாஷ்

—

நாரின், மே 28

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். குட்டிகள் பதினொன்று, ஒன்று நொண்டி. நான் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. பேனாவை எடுத்தால் உங்கள் அண்ணனுக்கு எழுத வேண்டும் போலிருக்கிறது, உடனே மூடி வைத்துவிடுகிறேன்.

அந்த மேலங்கியைத் துவைக்கத்தான் கொக்கியில் மாட்டினேன். பிறகு துவைக்க மனம் வரவில்லை. அவர் வாசனை இன்னும் அதில் இருக்கும், அதற்குத்தான் அவள் வந்திருப்பாள். நீ என்னவோ பெரிய கழுகுக்காரன் ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே! குதிரையில் ஏறச் சொன்னாலே உனக்கு வயிற்றைக் கலக்கும். கழுகைக் கூப்பிட நீ தொண்டையைத் திறந்தால் ஊரிலுள்ள காக்கைதான் திரும்பிப் பார்க்கும்.

அவர் செப்டம்பர் என்று சொல்லவில்லை, இந்த வசந்தம் என்றார். "ஒம்பது வருஷம் எனக்கு உழைச்சாச்சு, மிச்சம் இருக்கறது அவளோட ஆயுசு" என்று என்னிடம் சொன்னார். நீ மாதச் சம்பளம் வாங்கும் ஆளில்லை, டிராக்டர் ஓட்டும் ஆள், எனக்குத் தெரியும். கூரைக்கும் வழி வேண்டும். சரி, ஒரு கோடை. செப்டம்பர் தாண்டக் கூடாது.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடியும் வெண்ணெயும் பஸ்காரனிடம் கொடுத்திருக்கிறேன். நாய்க்கு வெண்ணெய் கொடுக்காதே. பெண் பார்க்கிறாயா இல்லையா? இந்த வீட்டுக்கு ஒரு பெண் வந்தால்தான் நீ ஒழுங்காகச் சாப்பிடுவாய்.

அண்ணி,
பெர்மெத்

—

தோங், ஜூன் 23

அன்புள்ள அண்ணிக்கு,

காலுறை வந்தது. வெண்ணெய் பாதிதான் வந்தது, மீதியை பஸ்காரன் தின்றிருப்பான்.

காக்கை என்று கேலி செய்தீர்களே, கேளுங்கள். முதல் காட்சிக்கு இரண்டு பஸ் கூட்டம். எமில் நரித்தோலைக் கயிற்றில் கட்டிக் குதிரையில் இழுத்துக்கொண்டு போனான். நான் மேட்டில் நின்று கராகோஸின் கண்ணை மறைக்கும் தலைமூடியைக் கழற்றினேன். ஒரே பாய்ச்சல், தோலோடு புழுதியில் உருண்டாள். அதுவரை சரி. அவளைக் கைக்குத் திரும்பக் கூப்பிட வேண்டுமே! வாயைத் திறந்தேன். அண்ணனுடைய குரல் வந்தது. அண்ணனைப் போன்ற குரல் இல்லை, அவருடைய குரலே. கடைசியில் கொஞ்சம் உடைந்து மேலே ஏறுமே, அதுவும் இருந்தது. எமிலின் குதிரை நின்றுவிட்டது. எமிலும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். கூட்டம் கை தட்டியது.

பிறகு ஒரு பிரெஞ்சுக்காரக் கிழவி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். போன வருஷமும் வந்தவளாம். உங்களை மறுபடியும் பார்த்ததில் சந்தோஷம் என்று எமில் மொழிபெயர்த்துச் சொன்னான். அழுதுகொண்டிருப்பவளிடம் நான் அவரில்லை என்று எப்படிச் சொல்வது? எனக்கும் சந்தோஷம் என்றேன்.

ஒரு தொல்லை. மேலங்கியைக் கழற்றினால் கராகோஸுக்கு ஆகவில்லை. கழுத்து இறகெல்லாம் சிலிர்த்து, வாயைத் திறந்துகொண்டு, யாரோ திருடன் உள்ளே வந்ததுபோலப் பார்க்கிறாள். அதனால் அதைப் போட்டுக்கொண்டே சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இப்போது தினமும் குதிரையில்தான் போகிறேன், பயமே இல்லை. மழை நாளில் இடது முழங்கால் மட்டும் குத்துகிறது.

ஜுமாஷ்

—

நாரின், ஜூலை 9

தம்பி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இடது முழங்கால் குத்துகிறது என்று எழுதியிருக்கிறாய். கால் முறிந்தது உனக்கில்லை, அவருக்கு. நீ அப்போது பட்டாளத்தில் இருந்தாய்.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. உன் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். இந்தக் கடிதத்தில் எழுத்துகள் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. என் பெட்டியில் அவர் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

நான் சொல்வதைச் செய். ஒரு வாரம் காட்சி வேண்டாம், எமில் கத்தினால் கத்தட்டும். மேலங்கியைக் கழற்று. ஏரியில் இறங்கி நன்றாக முங்கிக் குளி. போய் டிராக்டரை ஓட்டு, எண்ணெய்ப் பிசுக்கோடு வீட்டுக்கு வா. எனக்குத் தெரிந்த தம்பி அவன்தான்.

உங்கள் பெரியப்பா வீட்டார் எங்கள் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆண்டு நினைவு முடிந்ததும் என்னை உனக்கே முடித்து வைப்பது என்று அவர்களாகப் பேசிக்கொள்கிறார்களாம். உனக்கு அந்த எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். மருமகளாக நான் வந்தபோது உனக்குப் பதினாறு வயது, மூக்கு ஒழுக நின்றாய். எனக்கு நீ தம்பி, வேறொன்றும் இல்லை.

செப்டம்பருக்குக் காத்திருக்க வேண்டாம். கழுகை இப்போதே விடு. எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணி

—

தோங், ஆகஸ்ட் 4

பெர்மெத்துக்கு,

உன் கடிதம் வந்தது. எதற்கு இத்தனை பயம்? எல்லாம் நன்றாகவே நடக்கிறது. வாரத்துக்கு நான்கு காட்சி. கராகோஸ் இந்த வருஷம் பறப்பதுபோல எந்த வருஷமும் பறந்ததில்லை. கூரையைச் சரி பண்ணிவிட்டேன். சர்க்கரைப் பாதாமி மரம் காய்த்துத் தள்ளுகிறது. அதன் அடியில் தோண்டும்போது அம்மாவின் நீலக் கிண்ணத்துச் சில் கிடைத்தது. கல்யாணமான வாரமே அதை உடைத்துவிட்டு, மாமியாருக்குப் பயந்து நீ புதைத்தாயே. நான் பின்னால் நின்று பார்த்துச் சிரித்ததும் ஞாபகம் வந்தது. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

பனிக்குள்ளே இருட்டாக இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இருட்டில்லை, நீலமாக இருக்கும். குளிரும் கொஞ்ச நேரம்தான். மேலே அவள் நடந்துகொண்டே இருந்தாள், அவள் நகம் பனியைக் கீறும் சத்தம் கேட்டது. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தால் வாய்க்குள் பனி. இந்தக் கோடையில் அவளைக் கூப்பிடும்போதெல்லாம், அன்று விட்டுப்போன கூப்பாட்டைக் கூப்பிடுவதுபோல இருக்கிறது.

அண்ணன் அப்படி நினைத்திருப்பார் என்று எழுத வந்தேன். மாற்றி எழுதிவிட்டேன். பரவாயில்லை, காகிதத்தை வீணாக்க வேண்டாம்.

கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பாய்? வீட்டுக்கு வா.

—

நாரின், செப்டம்பர் 3

தம்பி,

நீ பெயர் எழுதாமல் அனுப்பிய கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை. அடுப்பில் போட்டேன். அண்ணி என்ற சொல்லை எங்கே தொலைத்தாய்?

நீலக் கிண்ணம் விஷயம் அவருக்கு மட்டும்தான் தெரியும். எப்போதோ பேச்சுவாக்கில் உன்னிடம் சொல்லியிருப்பார். சொல்லியிருப்பார், சொல்லியிருப்பார் என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி நான் தோங்குக்கு வந்தேன். உனக்குச் சொல்லவில்லை. வெளிநாட்டுக்காரர்களின் மூன்றாவது பஸ்ஸுக்குப் பின்னால், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நின்றேன். மேட்டிலிருந்து நீ இறங்கி வந்தாய். இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து வந்தாய். நான் குளிப்பாட்டி மண்ணுக்கு அனுப்பிய மனிதர் கையில் கழுகோடு நடந்து வருகிறார். பக்கத்தில் நின்ற ஒரு பெண் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

இந்த வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருஷம். புருஷன் பெயரையும் புருஷனின் தம்பி பெயரையும் மருமகள் வாயால் சொல்லக் கூடாது, நானும் சொன்னதில்லை. உன்னைத் தம்பி என்றேன், டிராக்டர்க்காரா என்றேன், மூக்கொழுகி என்றேன். அன்றைக்குத்தான் அத்தனை பேர் நடுவில், முதல் தடவையாக, தொண்டை கிழிய உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "ஜுமாஷ்! டேய் ஜுமாஷ்! நான்டா, உங்க அண்ணி!" மூன்று தடவை கூப்பிட்டேன். எமில் திரும்பினான், கூட்டம் திரும்பியது. கராகோஸ் கழுத்தைத் திருப்பி என்னையே பார்த்தாள். நீ திரும்பவில்லை. யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல அவளுக்கு இறைச்சி கொடுத்துக்கொண்டிருந்தாய்.

என் புருஷனுக்காக நான் அழுது தீர்த்தது கொஞ்சமில்லை. அவர் திரும்பி வர மாட்டாரா என்று கேட்காத நாளில்லை. ஆனால் உன்னைக் கொடுத்து அவரை வாங்க நான் தயாராக இல்லை.

இதுதான் கடைசியாகச் சொல்வது. விடு. வழக்கப்படி ஆடு அறுத்து, வயிறு நிறைய வைத்து, கணவாயில் விட்டுவிட்டு வா. அந்த மேலங்கியைக் கழற்றிவிட்டு, வெறும் சட்டையோடு நாரினுக்கு வா. உனக்கு இங்கே ஒரு கிண்ணம் தேநீர் இருக்கிறது. ஜுமாஷாக வந்தால் மட்டும்.

பெர்மெத்

—

தோங், செப்டம்பர் 26

பெர்மெத்,

உன் பெற்றோருக்கு என் வணக்கம். அம்மாவின் இருமல் இப்போது எப்படி?

நீ சொன்னபடியே விட்டுவிட்டேன்.

கடைசி பஸ் போன மறுநாள் கொழுத்த ஆடாகப் பார்த்து ஒன்றை அறுத்தேன். காலையிலேயே கிளம்பினோம், மத்தியானத்துக்குள் கணவாய்க்கு ஏறிவிட்டோம். நல்ல வெயில், காற்று இல்லை. கராகோஸ் வழி நெடுக என் கையில் அமைதியாக உட்கார்ந்திருந்தாள்.

கோடை முழுக்க அவன் எனக்காக உழைத்தான். காலைக் கொடுத்தான், கையைக் கொடுத்தான், தொண்டையைக் கொடுத்தான். அதற்கு மேலும் ஜுமாஷைக் கட்டி வைத்திருப்பது பாவம் என்று எனக்கே தோன்றிவிட்டது. நீ எழுதியதும் நியாயம்தான். ஆட்டு இறைச்சியைப் பாறையில் பரப்பி வைத்தேன். பக்கத்தில் அவனுடைய டிராக்டர் சட்டையையும் பூட்ஸையும் நீ பின்னிய காலுறையையும் வைத்தேன். பிறகு கீழே நடந்தேன்.

பாதி இறக்கத்தில் பின்னாலிருந்து கூப்பிட்டான். "அண்ணே! குளிருதுண்ணே, என்னை விட்டுட்டுப் போகாதேண்ணே!" என்றான். அவனுடைய அதே காக்கைக் குரல். கராகோஸ் தலையைத் திருப்பிப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை. விட்டுவிட்டு வரும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் பின்னாலேயே வந்துவிடும். ஓடையைத் தாண்டிய பிறகு சத்தம் கேட்கவில்லை.

மேலங்கியைக் கழற்றிவிட்டு வரச் சொல்லியிருக்கிறாய். எந்த மேலங்கி என்று எனக்குப் புரியவில்லை. நான் போட்டிருப்பது என்னுடையதுதான்.

நாளைக் காலை பஸ்ஸில் புறப்படுகிறேன். கராகோஸையும் கூட்டி வருகிறேன். தேநீர் போட்டு வை.

உன்,
காசிமாலி