கார்டு ஸ்டேட்மென்டில் உங்கள் பெயர்

என் பிரியத்துக்குரிய இப்ராகிம் மாமாவுக்கு,

வண்டி நன்றாக இருக்கிறது. நீங்கள் முதலில் அதைத்தான் கேட்பீர்கள். முன் டயர் இரண்டையும் மாற்றிவிட்டேன். ஏர்போர்ட்டில்தான் சிரமம். முன்பு நான் வண்டியை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவேன், நீங்கள் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்தபடி உள்ளே நிற்பீர்கள். ஊரிலிருந்து வருகிற அப்பா அம்மாக்கள் அமெரிக்காவில் முதலில் கேட்ட தமிழ் உங்களுடையதுதான். இப்போது வண்டியை பார்க்கிங்கில் விட்டுவிட்டு நானே அட்டையோடு போய் நிற்கிறேன். உங்களைப் போல எனக்குச் சிரிக்க வரவில்லை. ஒரு அம்மா என்னைப் போலீஸ் என்று நினைத்துவிட்டார்கள்.

ராமநாதபுரம் பக்கத்தில் உங்கள் வீட்டாரும் எங்கள் வீட்டாரும் காலங்காலமாக மாமன், மாப்பிள்ளை என்று முறை வைத்துக் கூப்பிடுகிறவர்கள். இங்கே நியூ ஜெர்சியில் நான் உங்களை மாமா என்றால், "அது எப்படி?" என்கிறார்கள். நான் விளக்கம் சொல்வதில்லை. விளக்கம் கேட்கிறவனுக்குச் சொன்னாலும் விளங்காது.

அந்த வயதான தம்பதி ஞாபகம் இருக்கிறதா? வேலை விஷயமாகக் கலிபோர்னியா போயிருந்த மகன் போன் எடுக்கவில்லை. கையில் டாலர் இல்லை. மகன் வீட்டு வாசலில் இறங்கியதும் அந்தப் பெரியவர் நூறு ரூபாய் நோட்டுகளை இரண்டு கையாலும் உங்கள் முன்னே நீட்டினார். நீங்கள் அந்தக் கையை மூடிவிட்டு வந்து வண்டியில் உட்கார்ந்தீர்கள். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஏறியதும் சொன்னீர்கள்.

"மாப்ளே, இருபது மணி நேரம் பறந்து வந்த மனுசன் நம்ம முன்னாடி கைய நீட்டிட்டு நிக்கலாமா? கம்ப்யூட்டர்ல கார்டு வாங்குறாங்கள்ல, அத நீ கத்துக்க. புள்ளைங்க எங்க இருந்தாலும் அங்கிருந்தே கட்டிரட்டும்."

"நான் எட்டாங் கிளாஸ், மாமா."

"நான் ஏழு. அதான் உன்னயப் படிக்கச் சொல்றேன்."

ஒரு குளிர்காலம் முழுக்க லைப்ரரி கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். ஆளுக்கு ஒரு மணி நேரம்தான். தெரியாத சொற்களை நோட்டில் எழுதி வந்து வீட்டில் அகராதி பார்த்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும் என்று என் மகன் இன்றும் சொல்கிறான். சொல்லட்டும்.

பணம் வாங்கித் தருகிற கம்பெனியின் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது. வாடிக்கையாளரின் கார்டு ஸ்டேட்மென்டில் எந்தப் பெயர் வர வேண்டும்? நம் தொழிலின் பெயரை, குறிஞ்சி ஏர்போர்ட் சர்வீஸ் என்று எழுதியிருக்க வேண்டுமாம். எனக்கு அது தெரியாது. கல்யாணப் பத்திரிகை அடித்தாலும் மூத்தவர் பெயர்தானே மேலே வரும்? இப்ராகிம் என்று எழுதினேன். பார்த்துவிட்டு நீங்கள் சிரித்த சிரிப்பு. "என்னய ஊரு பூரா பில்லுல ஏத்திட்டியேப்பா."

மறு வருஷமே போய்விட்டீர்கள். மூன்று பிடி மண் நானும் போட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். கார்டு வந்த பிறகு யாரும் கை நீட்டி நிற்பதில்லை. நீங்கள் நினைத்தது நடந்தது. ஆனால் யாரும் நிற்பதே இல்லை. முன்பெல்லாம் செக் புத்தகம் தேடுகிற சாக்கில், "உள்ள வாங்க அங்கிள், ஒரு வாய் காபி" என்பார்கள். ஊர் எது, உறவு எது என்று பேச்சு வளரும். இப்போது முன்பே கட்டிவிடுகிறார்கள். பெட்டியை இறக்கினால் கதவு சாத்திவிடும். சில நாள் காலையிலிருந்து நான் பேசியது, "பெல்ட் போட்டுக்கங்க" என்பது மட்டும்தான்.

அந்த விண்ணப்பக் கட்டத்தின் வினை நீங்கள் போன பிறகுதான் தெரிந்தது. இப்ராகிம் என்று ஸ்டேட்மென்டில் பார்த்தவர்கள், யாரோ கார்டைத் திருடிவிட்டார்கள் என்று பேங்குக்குச் சொல்லிவிடுகிறார்கள். பேங்க் பணத்தைத் திரும்பப் பிடுங்கிவிடும். முதலில் ஒருவர், பிறகு இன்னொருவர். மூன்றாவது, வெஸ்ட் வின்ட்சரில் இருக்கிற அந்தத் தம்பி. அவருடைய அப்பா அம்மாவை நீங்கள்தான் இரண்டு முறை அழைத்து வந்தீர்கள். போன் பண்ணிக் கேட்டேன்.

"சாரி அங்கிள், ஒய்ஃப் அந்தப் பேரைப் பாத்து பயந்துட்டா. உடனே டிஸ்ப்யூட் பண்ணிட்டா."

"உங்க அப்பாவுக்கு வீல்சேர் தள்ளிட்டு வந்தவரு பேரு தம்பி அது."

"தெரியும் அங்கிள். நல்ல மனுஷர். ஆனா இப்ப இருக்கற நிலமைல அந்த மாதிரி பேரு நம்ம ஸ்டேட்மென்ட்ல எதுக்கு, யூ நோ? கம்பெனி பேரு போட்டீங்கன்னா க்ளீனா இருக்கும்."

க்ளீனாக இருக்குமாம். போனை வைத்துவிட்டேன். அந்த வீட்டு சவாரியை அதற்குப் பிறகு எடுப்பதில்லை.

பணம் வாங்கித் தருகிற கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். இன்னொரு புகார் வந்தால் கணக்கை மூடிவிடுவார்களாம். கார்டு வாங்க முடியாவிட்டால் தூரத்துப் பிள்ளைகள் யாரும் நம்மைக் கூப்பிட மாட்டார்கள். வண்டியை விற்க வேண்டியதுதான். பெயரை மாற்ற அரை நிமிடம் போதும் என்றாள். முடியாது என்று சொல்ல அதுகூட வேண்டாம் என்றேன்.

ஹூஸ்டனிலிருந்து உங்கள் மகள் ஷரீபாவும் பேசினாள். "மாத்திருங்க மாமா. வாப்பா பேர வெச்சு நீங்க ஊரோட சண்ட போடாதீங்க. அவங்க இருந்தா அவங்களே மாத்தச் சொல்லிருப்பாங்க."

சொல்லியிருப்பீர்களா? சொல்லியிருப்பீர்கள். அதுதான் எனக்கு ஆத்திரம். எல்லாருக்கும் வழி விட்டு விட்டே பழகிய மனுஷர் நீங்கள்.

நான் மாற்றவில்லை. பணம் கட்டுகிற பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்: "உங்கள் ஸ்டேட்மென்டில் இப்ராகிம் என்று வரும். இந்தத் தொழிலை ஆரம்பித்தவர் அவர்." படிக்காமல் அழுத்துகிறவர்கள் உண்டு என்பதால், பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வாசலில் நின்று வாயாலும் சொல்கிறேன். "மறந்துராதீங்க, இப்ராகிம்னு வரும்." தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரு பெரியவர் மட்டும், "யாரு, அவரு?" என்றார். பனியில் அரை மணி நேரம் சொன்னேன். பாவம், அவருக்குக் கால் நடுங்கியது.

போன மாதம் கணினியில் ஒரு சவாரி வந்திருந்தது. நியூவார்க் ஏர்போர்ட்டிலிருந்து கல்லறைத் தோட்டம். பெயர் ஷரீபா. பணம் கட்டியாகிவிட்டது. நேரில் பார்த்ததும் திட்டினேன்.

"சொல்லிட்டு வந்தா நீங்க காசு வாங்க மாட்டீங்க. அதான் கார்டுல கட்டிட்டேன்."

"உன் வாப்பா வண்டிக்கு நீ காசு குடுப்பியா?"

"பெல்ட் போட்டுக்கங்க மாமா," என்றாள். அப்படியே உங்கள் குரல்.

உங்கள் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் வண்டியருகே நின்றேன்.

நேற்று அவளிடமிருந்து போன். "மாமா, ஸ்டேட்மென்ட் வந்துச்சு," என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"வாப்பா பேரு இருக்கு மாமா. அவங்க பேருக்கு இப்பல்லாம் எந்தக் கடுதாசியும் வர்றதில்ல."

"ம்."

"மாத்தாதீங்க."

புதிதாகப் புகார் வரவில்லை. நாளை வரலாம். வந்தால் வேறு கம்பெனியில் விண்ணப்பம் போடுவேன், அங்கும் அந்தக் கட்டம் இருக்கும், அங்கும் மூத்தவர் பெயரைத்தான் எழுதுவேன். என் கை ஸ்டியரிங் பிடிக்கிறவரை, மாதத்துக்கு ஒரு வீட்டுக்காவது உங்கள் பெயர் தபாலில் போய்க்கொண்டிருக்கும். இது என் வாக்கு.

உங்களைப் போல வழி விடத் தெரியாத மாப்பிள்ளை,
கருப்பையா